ஓரமாப் போ... ஓரம் எங்கே?

தமிழில் ‘நடைபாதை’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. நடை, பாதை இரண்டையும் ஒட்டவைத்தால் நடப்பதற்கான பாதை என்று அர்த்தம் வந்துவிடும். மதராஸ்காரர்கள் உஷார். அர்த்தம் வரும் வார்த்தையே வேண்டாம் என்று ‘பிளாட்பாரம்’ என்றார்கள். பிளாட்பாரத்தில் நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம், கடை போடலாம், ரயிலுக்குக்கூடக் காத்திருக்கலாம். நடக்கணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வாசற்படி தாண்டும்போது எல்லார் வீட்டிலும் ஒரு வாசகம் சொல்லி அனுப்புவார்கள். “பார்த்துப் போப்பா... ஓரமாப் போ.” ஐம்பது வயது ஆனாலும் அம்மா இதைச் சொல்லாமல் விடமாட்டார். நாமும் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வருகிறோம். வந்து பார்த்தால் ஓரத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஓரத்தின் ஓரத்தில் இன்னொருத்தர். நமக்குக் கிடைப்பது நடுரோடு.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, வழக்கம்போல, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். படித்த படிப்புக்கு ஒருநாளாவது மரியாதை செய்வோம் என்று, ஒரு சனிக்கிழமை சாயந்திரம் டேப்பை எடுத்துக்கொண்டு தி.நகருக்குக் கிளம்பினோம். தெருப் பெயர் வேண்டாம். எந்தத் தெருவாக இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான் வரும்.

பிளாட்பாரத்தின் மொத்த அகலம் 3 மீட்டர். ஆஹா, ராஜபாட்டை! மேலே அளக்க ஆரம்பித்தோம். பெரிய கடையின் படிக்கட்டும், வண்டி ஏற்ற வழுக்குமேடையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது 60 சென்டிமீட்டர். அதற்கு முன்னால் தலையில்லாத பொம்மைகள் சுடிதார் போட்டுக்கொண்டு அணிவகுத்து நின்றது 40 சென்டிமீட்டர். அப்புறம் நம்ம பிளாட்பாரக் கடைகள் 1.2 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக பைக்குகள் மூக்கை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தது 50 சென்டிமீட்டர்.

மிச்சம் 30 சென்டிமீட்டர். அதாவது ஒரு ஸ்கேல். பள்ளிக்கூடப் பையன் ஜியாமெட்ரி பாக்ஸோடு எடுத்துப் போவானே, அந்த ஸ்கேல். அதன் மேல்தான் தமிழ்நாட்டின் தலைநகரம் நடந்து போகிறது. நடுவில் மின்வாரியப் பெட்டி வரும் இடத்தில் அந்த ஸ்கேலும் முறிந்துவிடுகிறது.

“ரூல்ஸ்படி எவ்வளவு இருக்கணும் தெரியுமா?” என்றார் நண்பர், நீண்ட நாளைக்கப்புறம் இன்ஜினீயராகிவிட்ட பெருமிதத்தோடு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு சாலைகளுக்கெல்லாம் அளவு எழுதி வைத்திருக்கிறது. எந்தத் தடையும் இல்லாமல் நடக்க அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 2.2 மீட்டர். கடைத்தெரு என்றால் அகலம் இன்னும் கூடுதலாக வேண்டும். உயரம் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஹேங்கரில் தொங்கும் நைட்டி முகத்தில் வந்து அறையாமல் இருப்பதற்கு!

இந்த ஒரு ஸ்கேலில் நடந்து நடந்து நம் மக்கள் பல விதமான நடைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நகர்வது நண்டு நடை. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவது வெள்ள நிவாரண நடை. எதிரே வருகிறவர் இடது பக்கம் ஒதுங்க, நாமும் அதே பக்கம் ஒதுங்க, அவர் வலது, நாமும் வலது... இது ஜோடி டான்ஸ். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கும் இந்த வித்தையெல்லாம் வராது. அவர்கள் பேசாமல் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். பின்னாலேயே மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

சிரித்துக்கொண்டே இதைத் தாண்டிப் போக முடியவில்லை. 2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 32 ஆயிரத்துக்கும் மேல் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வண்டியும் இல்லை, வேகமும் இல்லை. காலை மட்டும் நம்பிப் போனவர்கள்.

‘அப்படியென்றால் எல்லாக் கடையையும் லாரியில் அள்ளிப்போடு’ என்று சொல்வதுதான் சுலபம். ஆபீஸ் கேன்டீனில் தினமும் அப்படி ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. தீர்ப்பு சொல்பவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடுப்பில் பெல்ட், பிளாட்பாரத்தில் வாங்கியது. மொபைலுக்குக் கவர், பிளாட்பாரத்தில் வாங்கியது. பாக்கெட்டில் கர்ச்சீப், மூன்று ஐம்பது ரூபாய் என்று பேரம் பேசி வாங்கியது. ராத்திரி சாப்பாடோ கையேந்தி பவன். பிளாஸ்டிக் தாள் போர்த்திய தட்டில் நாலு இட்லி, ஒரு கல்தோசை, மேலே வடகறி. மேன்ஷனில் தங்கி, மாதம் பிறந்து இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸைத் திறக்கவே பயப்படும் இளைஞர்களுக்கு அந்தத் தள்ளுவண்டிதான் அன்னபூரணி. காலையில் அதே வண்டியைப் பார்த்து, “சே, வழியை அடைச்சிக்கிட்டு...” என்பார்கள். பசி வந்தால் வசதி, பஸ் வந்தால் இடைஞ்சல்.

இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. நம் ஊர் மூர் மார்க்கெட் எதற்காகக் கட்டப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? பழைய புத்தகம் விற்கவா? இல்லை சார். பிராட்வேயில் ரோட்டை அடைத்துக்கொண்டு கடை போட்டிருந்தவர்களை ஒரு கூரைக்குள் கொண்டுபோகத்தான். 1898ல் மதராஸ் மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். கட்டடத்துக்கு அவர் பேரே நிலைத்துவிட்டது. 1985ல் அது எரிந்துபோனது. நம் தாத்தா காலத்துக்கும் முன்பிருந்தே, ‘இவங்களை எங்கேயாவது ஒரு கட்டடத்துக்குள்ள அனுப்பிடலாம்’ என்பதுதான் அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

1969ல் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த தமிழர்களுக்காக, பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தது. பிளாட்பாரத்தை ஒட்டிய அந்தக் கடைகள் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றின. ஆக, பிளாட்பாரத்தில் கடை போடுவதை அரசாங்கமே ஏற்பாடு செய்து கொடுத்ததும் உண்டு.

அப்புறம் நம்ம பாண்டி பஜார். நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரில் ‘சௌந்தரபாண்டியன் அங்காடி’ என்பது முழுப் பெயர். அவசரத்தில் மக்கள் பாண்டி ஆக்கிவிட்டார்கள். 2013ல் அங்கே பிளாட்பாரக் கடைக்காரர்களை மாநகராட்சி ஒரு பலமாடி வணிக வளாகத்துக்குள் மாற்றியது. 2019 நவம்பரில் சாலையின் இரண்டு பக்கமும் அகல நடைபாதை போட்டு, ‘நடைபாதை வளாகம்’ என்று திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தாத்தாக்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். தி.நகரில் குழந்தையின் கையை விடுவது என்பது சாதாரண விஷயமா?

ஆனால் மாடிக்குப் போன வியாபாரம்? இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தை கோட்டு சூட்டு போட்டவர்கள் மறந்துவிடுகிறார்கள். கர்ச்சீப் வாங்கவேண்டும் என்று திட்டம் போட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. போகிற வழியில் கண்ணில் பட்டால் வாங்குவோம். ஹேர்பின், சாக்ஸ், சீப்பு, பூ, கொய்யாப்பழம் எல்லாம் இந்த ஜாதிதான். இதற்காக இரண்டு மாடி ஏறுங்கள் என்றால் யார் ஏறுவார்? காலடி படாத இடத்தில் காசு விழாது. நல்ல கட்டடம், நல்ல ஃபேன், ஆள் மட்டும் இல்லை என்றால், கடைக்காரர் கொஞ்ச நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வரத்தான் பார்ப்பார்.

2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலை மேலேயிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். சந்தோஷம். ஆனால், தரையில் நடக்க இடம் கேட்ட ஜனத்துக்கு ஆகாயத்தில் வழி காட்டிய ஊர் என்று நம் பேர் சரித்திரத்தில் இருக்கும்.

சரி, சட்டம் யார் பக்கம்? இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தேன். பார்த்ததும் தலை சுற்றியது.

1985ல் பம்பாய் பிளாட்பாரவாசிகள் வழக்கு. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் பிரபலமான வழக்கு அது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டப் பிரிவு 21க்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மூச்சில், பிளாட்பாரம் பொதுமக்கள் நடப்பதற்குத்தான், அதை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் சொன்னது. 1989ல் டெல்லி சோதன் சிங் வழக்கு. தெருவில் வியாபாரம் செய்வதும் ஒரு தொழில் உரிமைதான். ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்றார்கள்.

அதற்கப்புறம் கால் நூற்றாண்டு கழித்து, 2014ல் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதில் இருப்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கவேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் விரட்டக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். அழுகும் பொருளென்றால் கேட்ட அன்றைக்கே, மற்றதென்றால் இரண்டு வேலைநாளுக்குள் திருப்பித் தரவேண்டும். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று பேசுவதற்கு நகர விற்பனைக் குழு. அதில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இன்னொரு பக்கம், நடப்பவருக்கும் ஒரு தீர்ப்பு கிடைத்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் போட்ட வழக்கு. எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார் போல! அந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத, மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை மக்களின் உரிமை என்றது. எந்தப் பிரிவின்படி? அதே பிரிவு 21!

ஆக, விற்பவர் கையிலும் 21. நடப்பவர் கையிலும் 21. ஒரே நம்பர் டிக்கெட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, “சீட்டை நீங்களே பேசித் தீர்த்துக்குங்க” என்று கண்டக்டர் இறங்கிப் போய்விட்டார்.

ஆனால் உட்கார்ந்து யோசித்தால் இதில் முரண்பாடே இல்லை. விற்பவருக்கு வேண்டியது நடக்கிறவர்கள். ஆள் நடக்காத தெருவில் அவருக்கு என்ன வேலை? நடக்கிறவருக்கும் ஆளரவமற்ற பிளாட்பாரம் பிடிக்காது. எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி சொன்னார்: “ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நான் கடை இருக்கிற பக்கமாத்தான் சார் வருவேன். காலியா இருக்கிற பிளாட்பாரம்தான் பயம்.” பூக்காரம்மா ஒருவர் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த இடத்துக்கு ஒரு காவல் வந்துவிடுகிறது. போலீஸ்காரர் ரவுண்ட்ஸ் வருவார், போவார். பூக்காரம்மா அங்கேயே இருப்பார்.

நான் தினமும் பார்க்கும் இன்னொரு காட்சி. கண் தெரியாத ஒருவர் ஸ்டேஷனிலிருந்து வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வருவார். கோல் முதலில் பைக்கில் இடிக்கும். அப்புறம் மூட்டையில் இடிக்கும். அதற்குள் கடைகளிலிருந்து குரல் வரும். “அண்ணே, லெஃப்ட்ல வாங்க... பள்ளம் இருக்கு, காலைத் தூக்கி வைங்க... ம், நேரா போங்க.” ஒரு கடைக்காரர் சொல்லி முடிக்க, அடுத்த கடைக்காரர் ஆரம்பிப்பார். ரிலே ரேஸ் மாதிரி தெருமுனை வரை ஆளை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அவர் வழியை அடைத்திருப்பவர்களும் அவர்கள்தான். அவருக்கு வழி காட்டுகிறவர்களும் அவர்கள்தான். இவர்களைக் கெட்டவர்கள் பட்டியலில் சேர்ப்பதா, நல்லவர்கள் பட்டியலிலா?

கர்ச்சீப், சாக்ஸ் விற்கும் அண்ணன் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக அதே இடம். ரேஷன் கார்டில் இருப்பது ஒரு விலாசம், ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும்.

“என்னண்ணே, இவ்ளோ தூரம் முன்னால வந்து விரிச்சிருக்கீங்க? நடக்கவே இடமில்லையே?”

“நான் எங்க சார் வந்தேன்? பின்னால பாருங்க. பெரிய கடைக்காரர் பொம்மையை ரெண்டடி முன்ன வச்சாரு. நான் ரெண்டடி நகர்ந்தேன். இன்னும் அவரு நகர்ந்தா நான் பஸ் ஸ்டாப்புல நிக்கணும்.”

“யாரும் கேட்கிறதில்லையா?”

“ஏன் கேக்காம? தினம் கேக்கறாங்க. கேட்டு வாங்கிட்டும் போறாங்க” என்று சிரித்தார். யார், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரசீது கிடையாது என்பது மட்டும் தெரிந்தது.

முதலுக்கு என்ன செய்கிறார் என்று கேட்டேன். தண்டல். உங்களில் தெரியாதவர்களுக்காக: பத்தாயிரம் கடன் என்று பேர். கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். மழை பெய்தாலும் நூறு, லாரி வந்து சரக்கை அள்ளினாலும் நூறு. நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே! சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருப்பது பாதிப் பணம்தான். வருடக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. நம் கிரெடிட் கார்டுகாரனே வெட்கப்படுவான்.

2020ல் மத்திய அரசு, தெரு வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஈடு இல்லாத வங்கிக் கடன் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். அதற்குக் கணக்கெடுப்பில் பேர் இருக்கவேண்டும், இல்லையென்றால் சிபாரிசுக் கடிதமாவது வேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ஒரு காகிதத்தில்தான் வந்து நிற்கிறது. காகிதம் இருந்தால் பாங்க், இல்லாவிட்டால் தண்டல். காகிதம் இருந்தால் வியாபாரி, இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர்.

காகிதத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட முடியுமா? அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஊர் ஜனத்தொகையில் 2.5 சதவிகிதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கலாம் என்கிறது 2014 சட்டம். விரிவடைந்த சென்னை மாநகராட்சியின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 66 லட்சத்துச் சொச்சம். இரண்டரை சதவிகிதம் என்றால் ஒன்றே கால் லட்சம், ஒன்றரை லட்சம்... ஊஹூம், அதையும் தாண்டி ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் பேர். ஒரு கடைக்கு இரண்டு மீட்டர் என்று வரிசையாக உட்காரவைத்தால் 330 கிலோமீட்டர். அதாவது, சென்னையில் முதல் கடையில் சாக்ஸ் வாங்க ஆரம்பித்தால், கடைசிக் கடையில் பெல்ட் வாங்கும்போது திருச்சி மலைக்கோட்டை தெரியும்!

பயப்பட வேண்டாம். இது உச்சவரம்பு. தெரு தாங்குகிற அளவுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ரங்கநாதன் தெருவும் அண்ணா நகர் அகலச் சாலையும் ஒரே அளவைத் தாங்காது. ஒவ்வொரு தெருவாக அளக்கவேண்டும். நண்பர் கொண்டுவந்தாரே, அந்த டேப் போதும்.

என் கட்சி இதுதான். அளக்கும்போது முதலில் காலுக்கு 1.8 மீட்டர் ஒதுக்கிவிட வேண்டும். அதில் கடவுளே வந்து கோயில் கட்டிக்கொள்கிறேன் என்றாலும் விடக் கூடாது. மிச்சத்தில் கடை. மிச்சம் இல்லாத தெருவில் கடை கிடையாது. அவர்களுக்கு அதே ஏரியாவில், ஆள் நடமாடும் பக்கத்துத் தெருவில் இடம். நாலாவது மாடியில் அல்ல.

காலி செய்வதிலும் ஒரு வரிசை வேண்டும். எங்கள் சனிக்கிழமைக் கணக்கை மறுபடி பாருங்கள். பிளாட்பாரக் கடை எடுத்துக்கொண்டது 1.2 மீட்டர். படிக்கட்டு, பொம்மை, பைக் மூன்றும் சேர்ந்து எடுத்துக்கொண்டது 1.5 மீட்டர். பட்டா இருக்கிறவர்களும், பெட்ரோல் போடுகிறவர்களும்தான் அதிகம் எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கிளப்பினாலே, ஒரு கடையைக்கூடத் தொடாமல், நமக்கு 1.8 மீட்டர் கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்கேலையும் ஒன்றரை மீட்டரையும் கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக வரும். ஆனால் லாரி வந்தால் எதை அள்ளுகிறது? கையால் தூக்க முடிகிற கர்ச்சீப் மூட்டையை. சிமென்ட் படிக்கட்டைத் தூக்க முடியாதல்லவா!

பைக் என்றதும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளைஞர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். ‘ரெண்டே நிமிஷம் பிரதர்’ என்று பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஜூஸ் குடித்து, போன் பேசி, இன்னொரு ஜூஸ் குடிக்கும் பேர்வழிகளை உங்களுக்கும் தெரியும். சிக்னலில் பிளாட்பாரத்தையே மூன்றாவது டிராக்காக ஓட்டும் மகானுபாவர்களும் உண்டு. பின்னாலிருந்து ஹாரன் வேறு. நடைபாதையில் நடந்த குற்றத்துக்காக நாம் ஒதுங்கவேண்டுமாம்!

மாநகராட்சி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2014ல் சென்னைதான் இந்தியாவிலேயே முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு கொள்கை போட்டது. போக்குவரத்துச் செலவில் அறுபது சதவிகிதம் அவர்களுக்கு என்று எழுதியது. அதன் பேரில் பல சாலைகளில் பிளாட்பாரம் அகலமாகியிருக்கிறது. கிரானைட்டெல்லாம்கூடப் போட்டார்கள். ஆனால் கல் பதித்தவர்கள் கோடு போட மறந்துவிட்டார்கள். எதுவரை கால், எதுவரை கடை என்று சொல்லாமல் விட்ட இடம், முதலில் வந்தவருக்குச் சொந்தம். அது ரயிலில் துண்டு போடுகிற வழக்கம்.

கர்ச்சீப் அண்ணனிடம் இந்தக் கோடு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த சாக்ஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“போடச் சொல்லுங்க சார். நாலடி கொடுங்க போதும், பேரு நம்பரோட கொடுங்க. அந்தக் கோட்டைத் தாண்டி பக்கத்துக் கடைக்காரன் ஒரு இன்ச் வந்தா நானே விடமாட்டேன். எனக்கு வர்ற கஸ்டமரை அவன்ல மறைக்கிறான்? கோடே இல்லாத இடத்துல, எதைத் தாண்டிட்டோம்னு எங்களை லாரில ஏத்துறாங்க?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமூல் வாங்குகிறவரிடம் இருக்கலாம். கோடு விழுந்தால் அவருக்குத்தான் நஷ்டம். நாலடிக்கு நம்பரும் ரசீதும் வந்துவிட்டால், தினம் வந்து கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? ஒரு டப்பா பெயிண்ட் இத்தனை வருடமாக வராமல் இருப்பதற்குக் காரணம் பெயிண்ட் விலை அல்ல.

கடைசியாக ஒன்று. 1.8 மீட்டர் என்றால் நம் பழைய கணக்கில் ஆறடிக்கு ஒரு சுண்டுவிரல் குறைவு. மனுஷனுக்குக் கடைசியில் தேவை ஆறடி நிலம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆறடியை உயிரோடு இருக்கும்போதே, குறுக்குவாட்டில், பிளாட்பாரத்தில் கொடுங்கள் என்கிறோம். கொடுத்துவிட்டால், மற்ற ஆறடியைக் கொஞ்சம் நிதானமாகவே வாங்கிக்கொள்வோம். எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.